மாதிரிக்கு ஒரு நிமிடம்

பாப்பம்மாளின் கடைசிப் பேச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அது காலையில், முதல் கடை சொன்ன விலை. ஐந்தாவதாக அவள் மகனும் மகளும் நூர்தீன் பாய் கடைப் படியை மிதிக்கும்போது நிமிடம் ஒன்பது லட்சத்துக்கு ஏறியிருந்தது. சரக்கு குறைந்தால் விலை ஏறும். சேலத்து வெள்ளிக்கடைத் தெருவில் இதை யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை.

மொத்தம் ஆறு நிமிடம், ஒரு வெள்ளித் தகட்டில். வெள்ளியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். அதன் மேல் அணுக்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொன்றின் காந்தமுனையையும் மேலே அல்லது கீழே திருப்பி எழுதிய குரல். எந்தக் குரலையும் இயந்திரம் போலி செய்துவிடும் காலத்தில், இந்த அணுக்குரலை மட்டும்தான் ஊர் நம்பியது. படிக்கும் ஊசியின் மின்னோட்டம் பட்டதுமே அணு புரண்டுவிடும். ஒரு முறை கேட்டால் தீர்ந்தது.

ஆனால் மாதிரி பார்க்காமல் எந்த வியாபாரி விலை சொல்வான்? கடைக்கு ஒரு நிமிடம். அதையும் மதிப்பாளர் மட்டும் செவிக்குழலில் கேட்பார், பதிவு செய்யக்கூடாது. வாரிசுகளே கேட்டுவிட்டால் அப்புறம் பணம் கொடுத்து வாங்குவது யார்?

தகட்டை எடுத்துக்கொள்பவர் மற்றவருக்குப் பாதி விலை தர வேண்டும் என்பது உயில். மகன் செங்கோட்டுவேலுக்கு ஆறு லாரி ஓடியது. விலை ஏறினால் தங்கை விலகிக்கொள்வாள் என்று நினைத்துத்தான் கடை கடையாக ஏறினார். தங்கை கிருஷ்ணவேணி காதல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். பத்தொன்பது வருடமாக அம்மா அவளோடு பேசவில்லை. சாகும்போதாவது தன் பேரைச் சொன்னாளா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

"ரெண்டு நிமிசந்தான் கெடக்குது. இதோட நிறுத்திக்கலாண்ணா."

"பதினெட்டு லச்சத்துல பாதி உங்கிட்ட இருக்குதா? பாய் கொறைச்சுச் சொன்னா உனக்குத்தானே லாபம்."

வேணி யோசித்தாள். தகட்டை நீட்டினாள்.

நூர்தீன் குழலை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு நிமிடம் கழித்துக் கழற்றியவர், விலை எழுதப் பேனாவை எடுக்கவில்லை.

"வேணிங்கறது யாருங்க?"

"நாந்தான்."

"கேட்டதை வெளியில சொல்றது தொழிலுக்குத் துரோகம். இருந்தாலும் சொல்றேம்மா. ரெண்டு தடவை கேட்டாங்க, 'வேணி வந்துட்டாளா'ன்னு."

வேணி கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செங்கோட்டுவேல் தொண்டையைச் செருமினார். "எம் பேரு, பாய்?"

"இதுல இல்லீங்க. முன்னாடி ஏறுன நாலு கடையில எதுலயாச்சும் போயிருக்கும்."

"இன்னும் ஒரு நிமிசம் இருக்குதே!"

"'தூக்கம் வருது'ன்னாங்க. அதோட பேச்சு நின்னுருச்சு. மிச்சத்துல மூச்சுதான் இருக்கும்."

செங்கோட்டுவேல் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். நாலாவது கடையின் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

நூர்தீன் சீட்டை எழுதி நீட்டினார். விலைக்கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழே: வந்தது ஆறு நிமிடம். மாதிரிக்குப் போனது ஐந்து. இருப்பு ஒன்று, மூச்சு மட்டும். ஆளுக்கு அரை நிமிடம். கணக்கு நேர்.