படகுக்குள்ள ஊத்துன தண்ணி

தண்ணி குறைஞ்சிருக்கணும். நாலு விரக்கடை கூடியிருந்துச்சு.

ஃபாயிஸா ஏணியில நின்னுக்கிட்டு, ஸ்டீல் ஸ்கேல மறுபடியும் படகோட உள்பலகையில வச்சுப் பாத்தா. நேத்து சாயங்காலம் அவளே மார்க்கர்ல போட்ட கோடு தண்ணிக்கு அடியில நெளிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. திண்டுக்கல் பேகம்பூர்ல மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சு. கொல்லையில கால வச்சா புழுதி கணுக்கால் வரைக்கும் ஏறும். ராத்திரி குழாயில தண்ணி வந்துருக்குமோன்னு நெனைக்கவும் வழியில்ல, முனிசிபாலிட்டி தண்ணி வந்தே ஒம்பது நாளாச்சு.

"எம்புட்டும்மா எறங்கியிருக்கு?" அத்தா வேப்பமரத்தடியில பல்லு வெளக்கிக்கிட்டே கேட்டாரு.

ஏன் பொய் சொன்னோம்னு அவளுக்கே தெரியல. "ரெண்டு விரக்கடை, அத்தா."

"அப்பச் சரி. பலகை ஊறிக்கிட்டு வருது. நோட்டுல எழுதிக்க."

அது ஆசாத்தோட நோட்டு. மொதப் பக்கத்துல அவன் கையெழுத்து: 'தொண்டி டூ முத்துப்பேட்டை. அஞ்சு நாள். கரை கண்ண விட்டு மறையக் கூடாது.' கீழ நாலு பேரு. அத்தா அப்துல் சுக்கூர், அம்மா உம்மு சல்மா, ஆசாத், ஃபாயிஸா. நாலு பேர்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது.

நாகல்நகர்ல மோட்டார் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தவன் அவ அண்ணன். பத்தொம்பது வயசுலதான் மொத மொதக் கடலப் பாத்தான். அதுக்கப்புறம் வீட்டுல வேற பேச்சே கெடையாது. மூணு வருசம் காசு சேத்து, தொண்டியில ஸ்டான்லிங்கிற மீன்காரர்கிட்ட ஒரு பழைய மரப்படகு வாங்குனான். இருவத்திரண்டு அடி நீளம், உள்ள ஒரு கெழட்டு டீசல் எஞ்சின். கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம்னு கரைய ஒட்டியே போயி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்குள்ள நொழைஞ்சு, அங்க தர்காவுல ஒரு பாத்திஹா ஓதிட்டு பஸ்ஸுல திரும்பிரணும். அதான் பிளானு. எந்த ஊர்ல டீசல் புடிக்கணும், எங்க படுக்கணும், கடல் எந்நேரம் ஏறும் எந்நேரம் வத்தும்னு எல்லாம் அந்த நோட்டுல இருக்கு.

போன வருசம் படகச் சும்மா ஓட்டிப் பாத்துட்டு வாரேன்னு தனியா எடுத்துட்டுப் போனான். படகு கரைக்கு வந்துருச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சாம். அவன் வரல.

பதினோரு நாள் தேடுனாங்க. பன்னெண்டாம் நாள் அத்தா படக லாரியில ஏத்தி திண்டுக்கல்லுக்குக் கொண்டாந்துட்டாரு. உடம்பு கெடைக்காதவங்களுக்குத் தொழுகுற காயிப் ஜனாஸாவ வச்சு முடிச்சிரலாம்னு அம்மா கெஞ்சிப் பாத்துச்சு. "கண்ணால பாக்காம எம்பிள்ளைய மையத்துன்னு சொல்ல மாட்டேன்"ன்னுட்டாரு. தொழுகையும் இல்ல, குழியும் இல்ல. ஒரு வருசமா அம்மா சோறாக்குறப்ப அரிசி அளக்குற கை ஒரு நிமிசம் நிக்கும். மூணா நாலான்னு.

போன மாசந்தான் அத்தா அந்த நோட்டக் கையில எடுத்தாரு. "அவன் போட்ட வழியிலயே போவோம். அந்தக் கரையிலதான் எங்கயோ இருக்கான். போயிக் கூட்டியாரணும்."

திண்டுக்கல் வெயில்ல வெடிச்சு, விரல் நொழையுற அளவுக்குப் பலகை பிரிஞ்சு கெடந்துச்சு படகு. அத்தா பஞ்சு அடைச்சாரு, குங்கிலியம் பூசுனாரு. அப்புறம் தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில சோதிச்சாரு. அவரு முப்பது வருசமா தோல் ஷாப்புல வேல பாத்தவரு. தோல் ஊறப்போடுற தொட்டி ஒழுகுதான்னு எப்படிப் பாப்பாங்க? உள்ள தண்ணிய ஊத்தி, கோடு போட்டு, எம்புட்டு எறங்குதுன்னு பாப்பாங்க. அதையே படகுக்கும் செஞ்சாரு. சிறுமலை அடிவாரத்துக் கெணத்துலருந்து டேங்கர் வந்துச்சு.

"குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல படகுக்கு டேங்கர் அடிக்கிற மனுசன் ஒங்கத்தா ஒருத்தருதான்"ன்னு அம்மா சொன்னப்ப, ஒரு வருசத்துக்கு அப்புறம் மூணு பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவ பொய் சொல்லியிருப்பா.

பொய் சொன்ன அன்னைக்கு மத்தியானம் தண்ணி எறங்கி இருந்துச்சு, கோட்டுக்கும் கீழ ஒரு சாண். சாயங்காலம் மறுபடி ஏறிருச்சு. படகுக்கு அடியில தொட்டுப் பாத்தா மண்ணு காஞ்சு சூடா இருக்கு, ஒரு சொட்டு ஒழுகல. எறங்குன தண்ணி எங்க போச்சு? ஏறுன தண்ணி எங்கருந்து வந்துச்சு? ரெண்டு நாள், மூணு நாள் அவ யாருக்கும் சொல்லாம அளந்தா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறுச்சு, ரெண்டு தடவ வத்துச்சு. ஒவ்வொரு நாளும் அம்பது நிமிசம் தள்ளித் தள்ளி. நாலாம் நாள், அண்ணன் நோட்டுல தொண்டிக் கடலுக்குன்னு கணக்குப் போடச் சொல்லிக் குடுத்துருந்த மாதிரியே போட்டுப் பாத்தா. நேரம் அப்படியே ஒத்துப் போச்சு.

விரல முக்கி நாக்குல வச்சா. உப்புக் கரிச்சுச்சு.

ஸ்டான்லிக்கு ஃபோன் பண்ணுனா.

"பாய் மகளா? சொல்லு தாயி."

"அண்ணே, படகு ஒழுகுதான்னு பாக்க அத்தா தண்ணி ஊத்தி வச்சிருக்காரு."

"எங்க ஊத்துனாரு?"

"உள்ள."

"நாங்க வெளிய ஈரச்சாக்கப் போடுவோம், இல்லாட்டி ஓடையில எறக்கிப் போட்டுருவோம். உள்ள ஊத்தி நிப்பாட்ட மாட்டோம்மா. அதுலயும் ஆளு போன படகுல."

"ஏண்ணே?"

"கடல்ல போனவன் தங்குறதுக்கு எடம் தேடிக்கிட்டே இருப்பான். நாம எடம் குடுத்துறக் கூடாது." கொரலத் தாழ்த்திக் கேட்டாரு: "கரிக்குதா?"

"ம்."

"அடியில தக்கை இருக்கும். புடுங்கி விட்டுரு. ஒங்கத்தாகிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காத."

ஆனா அத்தா படக விட்டு நகரவே இல்ல. கட்டிலத் தூக்கிட்டு வந்து பக்கத்துலயே போட்டுக்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி கரண்டு போயி ஃபேன் நின்னப்பதான் வீடு எம்புட்டுச் சத்தமா இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுச்சு. எப்பவும் காத்துல வர்ற பதப்படுத்துன தோல் வாடையையும் அடுத்த தெரு பிரியாணிக் கட வாடையையும் அமுக்கிக்கிட்டு, பாசியும் டீசலும் மீன் கவுச்சியும் கலந்த ஒரு குளுந்த வாடை ஜன்னல் வழியா வந்து பாயில படுத்துக்கிச்சு, அதுக்குப் பின்னாலயே மரத்துல தண்ணி மோதுற சத்தம், சளப்புன்னு ஒண்ணு, செத்த நேரம் விட்டு இன்னொண்ணு, யாரோ தூக்கத்துல சாவகாசமா மூச்சு விடுற மாதிரி.

எந்திரிச்சு ஜன்னல்ல பாத்தா. அத்தா ஏணியில நின்னு படகுக்குள்ள குனிஞ்சிருந்தாரு.

"செத்தப் பொறுய்யா," மெதுவாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. "ஒங்கம்மாவும் வரணும்ல."

அவரு கைய உள்ள விட்டுட்டு எடுத்தாரு. தோள் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. அந்நேரத்துக்கு வத்துற தண்ணி. முழங்கை ஆழங்கூட இருக்காது.

பொறவு வீட்டுக்குள்ள வந்து அம்மாகிட்ட குசுகுசுன்னு பேசுனாரு. என்ன பேசுனாருன்னு கேக்கல. அம்மா அழுகும்னு நெனச்சா. அழுகல. அடுப்படியில லைட்டரு சத்தம் கேட்டுச்சு.

"அம்மா, இந்நேரத்துல என்ன பண்ற?"

"கட்டுச்சோறு." அம்மா திரும்பிப் பாத்துச்சு. மொகம் ஒரு வருசத்துக்கு முன்னால இருந்த மொகம். "நாலு பேருக்கு. ஒங்கத்தா கொரலக் கேட்டுருக்காரு ஃபாயிஸா. நா வேணாம்னு சொல்லுவேனா? நீயும் துணிய எடுத்து வையி."

"அம்மா, அது அண்ணன் இல்லம்மா. அந்தத் தண்ணி..."

"ஏன் இல்லங்குற?" அம்புட்டுத்தான் கேட்டுச்சு. சண்டைக்குக் கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டுச்சு.

சுபுஹு பாங்கு சொன்னாங்க. கொல்லையில கட்டில் காலியா இருந்துச்சு. அத்தா பள்ளிக்குப் போயிருப்பாரு. இதான் நேரம்.

இன்னும் இருட்டு. அண்ணனோட ஸ்பேனர எடுத்துக்கிட்டு, படகு நின்ன ஹாலோபிளாக் கல்லுகளுக்கு நடுவுல மல்லாக்கப் படுத்து, முதுகால தேச்சுத் தேச்சு உள்ள போனா. மொகத்துக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல அடிப்பலகை. தடவிப் பாத்தா. காஞ்ச மரம். காஞ்ச மரம். துணி சுத்துன ஒரு முண்டு.

தக்கை.

இத உருவிட்டா அத்தா அவள மன்னிக்கவே மாட்டாரு. உருவாட்டி அத்தா இருக்க மாட்டாரு. ஸ்பேனர மாட்டித் திருகுனா. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. உள்ள, தலைக்கு நேர் மேல, எதோ கனமா முங்குற சத்தம் கேட்டுச்சு.

தக்கை கையோட வந்துருச்சு. கண்ண இறுக்க மூடிக்கிட்டா. தண்ணி மொகத்துல கொட்டும்.

கொட்டல.

ஒரு சொட்டுக்கூட இல்ல.

கண்ணத் தொறந்தா. ஓட்டையிலருந்து வெளிச்சம் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. அவ கன்னத்துல ஒரு ரூவாக் காசு அளவுக்கு. வெளிய இன்னும் விடியல. அந்த வெளிச்சம் உச்சி வெயில் வெளிச்சம்.

கண்ண ஓட்டையில வச்சா.

பச்சை. ஆழம். மேல போற ஆழம். பனைமர ஒசரத்துக்கும் மேல, வெள்ளி மாதிரி ஆடிக்கிட்டு இருக்குற தண்ணியோட மேல்தோலு. அங்க ரெண்டு காலு. உதைச்சுக்கிட்டு.

உப்புத்தோல்ல நின்னு நின்னு வெடிச்ச குதிகால். அத்தாவோட காலு.

ஒரு கை அந்தக் கணுக்காலப் புடிச்சிருந்துச்சு. தொட்டியில நாள்கணக்கா ஊறுன தோல் மாதிரி வெளுத்து, உப்பி, சுருங்குன கை. நகக்கண்ணுல மட்டும் எஞ்சின் கரி போகவே இல்ல. அது இழுக்கல. இழுத்துருந்தாக்கூட அவ தாங்கியிருப்பா. சின்னப்பிள்ளைக்கு நீச்சல் பழக்கிக் குடுக்குற மாதிரி, பதமா, விட்டுறாமத் தாங்கிப் புடிச்சிருந்துச்சு.

காலு உதைக்கிறது கொறைஞ்சுச்சு.

நின்னுச்சு.

"அத்தா"ன்னு வாயத் தொறந்தா. புழுதிதான் வாய்க்குள்ள போச்சு. கை காலு அசையல.

கொல்லையில செருப்புச் சத்தம்.

"ஏங்க, எல்லாம் எடுத்துட்டேன்." அம்மாவோட கொரலு. சந்தோசமா. "ஃபாயிஸாவ எழுப்பணுமே. மொதல்ல நா ஏறிக்கிறேன்."

ஏணி கிறீச்சுன்னுச்சு. மொதப் படி.

ரெண்டாவது படி.

ஓட்டைக்கு அந்தப் பக்கம், அந்தக் கை கணுக்கால விட்டுச்சு. அவசரமில்லாம, பச்சைத் தண்ணிக்குள்ள மேல மேல ஏறுச்சு. வெள்ளியக் கிழிச்சுக்கிட்டு வெளிய போச்சு. உள்ளங்கைய விரிச்சு. படகுல ஏறுற அம்மாவுக்கு மகன் கை குடுக்குற மாதிரி.