பின்னாலிருந்து எடுத்த படம்

செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டும் மகள் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாக வாசலுக்கே ஓடிவந்து பையைப் பிடுங்குகிறவள், இன்று கூடத்துச் சன்னலோரம் அவனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"என்னடா, அப்பா மேல கோவமா?"

ஏழு வயசுக்கு இருக்கிற ரோஷத்தைப் பார் என்று சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனான். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு தாராளமாகவே வந்தது. அவன் எடுத்த படத்தைக் காலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பார்த்து ஊரே கண்கலங்கியிருந்தது.

வெள்ளத்தில் காணாமல் போன ஒரு சிறுமியைப் பற்றிய செய்தி அது. வீட்டோடு எல்லாம் போய்விட்டதால் பெற்றவளிடம் அவள் படம் ஒன்றுகூட இல்லை. "படம் இல்லாம எவன்யா இதைப் படிப்பான்?" என்று ஆசிரியர் குதித்தார். அந்த அவசரத்தில், பத்திரிகையின் புகைப்படக்காரனான இவன், தன் மகளையே ஆளில்லாத சாலையில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். மஞ்சள் கவுன், இரட்டைப் பின்னல், சாலை முழுக்க ஈரம். இந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே 'மாதிரிப் படம்' என்று போடுவது வழக்கம். போட்டால் படத்தின் உயிரே போய்விடும் என்று இவன் போடாமல் விட்டுவிட்டான்.

துண்டில் முகத்தைத் துடைக்கும்போது சேற்று வாடை அடித்தது. குழாயை மூடிய பிறகும் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வதுபோல நின்று நின்று, கூடத்துப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். கைபேசி அடித்தது.

"அண்ணா, ஆபீஸ்ல உங்க நம்பர் குடுத்தாங்க. பேப்பர்ல வந்தது என் பொண்ணுதான். எங்க பாத்தீங்க அவள?"

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அது உங்க பொண்ணு இல்ல. என் பொண்ணு. சும்மா படத்துக்காக..."

"இல்லண்ணா." அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "காலையிலேருந்து ஊரே அவள என் பொண்ணாத்தான் பாக்குது. எத்தனை ஆயிரம் கண்ணு! அத்தனை பேரு பாத்தது பொய்யாப் போயிடுமா? நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவள இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க. மொகத்த ஒரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும்."

கைபேசியைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு வந்தான். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். துவைத்துக் கொடியில் போட்டிருந்த மஞ்சள் கவுன் இப்போது அவள் உடம்பில் இருந்தது. அதன் ஓரத்திலிருந்துதான் தண்ணீர் சொட்டியது.

"கண்ணு, ஈரத்தோட ஏன் போட்டுக்கிட்ட? இங்க திரும்பு."

"நீங்கதானேப்பா திரும்பாதேன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தான். திரும்பாதே, அப்படியே நடந்துகிட்டே இரு என்று, படமெடுத்த நேரம் முழுக்கக் கத்தியிருந்தான்.

"அது அப்போடா. இப்போ திரும்பலாம்."

"முடியலப்பா."

தோளைத் தொட்டான். கவுன் ஜில்லென்று இருந்தது. திருப்பினான். அவள் திரும்பிய மாதிரியும் இருந்தது, திரும்பாத மாதிரியும் இருந்தது. பின்னல்கள்தான் தெரிந்தன. மறுபடியும் திருப்பினான். பின்னல்கள்.

"திரும்பிட்டாளா அண்ணா?"

கைபேசி நழுவிக் கீழே விழுந்தது. சுவரில் உடம்பு உரச, அவளுக்கும் சன்னலுக்கும் நடுவே புகுந்தான். எதிரே நின்றான். குனிந்தான். நேராகப் பார்த்தான்.

நடு வகிடு. இரண்டு பின்னல். கவுனின் முதுகுப் பொத்தான்கள்.

இந்தப் பக்கமும் முதுகு.

இரண்டு கையாலும் முடியை விலக்கினான். உள்ளே முடி. அதையும் விலக்கினான். ஈரமான முடி, சேற்று வாடை, இன்னும் முடி. எங்கோ அடியிலிருந்து, மூச்சு முட்டும் குரலில், அவன் மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.