கங்காணியின் கடைசி டப்பா

செவ்வாயின் ஆறாம் குடியிருப்பில் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மாட்டி, விண்ணுடையோடுதான் தூங்க வைப்பார்கள். சுவர்களுக்குள் ஓட வேண்டிய சூடு பாதிதான் ஓடியது. மற்றக் குடியிருப்புக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டால் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

"மூக்கு அரிக்குதும்மா. சொறிய முடியலை," என்றாள் மதி, தலைக்கவசக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஐந்து வயதுப் பிள்ளை. அவளைக் காப்பகத்தில் மத்தியானத் தூக்கத்துக்குப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய செண்பகத்துக்கு வயிறு எரிந்தது.

சூடு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். குடியேற்றத்தின் கணினிப் பொறியாளர் அவள்தான். நிலவறையில் ஒரு பழைய கணினிக் கொத்து ஓடிக்கொண்டிருந்தது. சில நிஜ இயந்திரங்களுக்குள் பல மாயக் கணினிகள். அவற்றுக்குள் டப்பா டப்பாவாக அடைத்த மென்பொருள்கள். எந்த டப்பா எந்தக் கணினியில் உழைக்க வேண்டும் என்று மேய்க்கும் நிரலுக்குக் கங்காணி என்று பெயர். ஒரு டப்பா செத்தால் கங்காணி உடனே அதே போல இன்னொன்றை வேறு கணினியில் எழுப்பிவிடும். காற்று, தண்ணீர், மருத்துவம் எல்லாம் புதுக் கொத்துக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் யாருடையவை என்றே தெரியாத டப்பாக்கள் பழையதில் உட்கார்ந்து ஆறாம் குடியிருப்பின் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே எட்டிப் பார்க்கவும் சட்டம் விடாது. அந்தரங்கமாம்!

மூடிவிடலாம் என்று செண்பகம் மனுப் போடும்போதெல்லாம், துறைக்கு ஒருவர் வீதம் அமைந்த கமிட்டி ஒரே பதிலை அனுப்பியது. "யாராவது உபயோகித்துக்கொண்டிருக்கலாம். ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது."

ஏகமனதாக! அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடவா மனசு இல்லை? அன்றும் அதே பதில் வந்தபோது அவள் பொறுமை போய்விட்டது. கமிட்டித் தலைவர் பரஞ்சோதியின் அறைக்குள் நேரே நுழைந்தாள். அவர் தொட்டியில் வளர்த்த மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எங்க பிள்ளைங்க குளிர்ல வெறைச்சுக் கெடக்குது. நீங்க மிளகாய்க்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்களா சார்?"

"என்னம்மா ஆச்சு?"

"பழைய கொத்தை மூட ஏன் விடமாட்டேங்கறீங்க?"

"நானா? எந்தக் கொத்து?" அவர் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது. "கூட்டத்துக்கு என் நிகராள்தாம்மா போகும். நான் போய் எத்தனையோ வருஷமாச்சு. எல்லாரும் அப்படித்தானே?"

நிகராள் என்பது ஒரு மனிதரின் குரலையும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டு, அவருக்குப் பதிலாகக் கூட்டத்தில் உட்காரும் மென்பொருள்.

"அப்ப நீங்க எதுக்கு சார்? வெக்கமா இல்ல? ஒரே ஒரு தடவை நீங்களே வந்து என்னன்னு கேட்டிருந்தா எம் பொண்ணு மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டுத் தூங்கியிருப்பா!"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டு அவள் மனுவில் கட்டைவிரல் ரேகையை வைத்தார். தலைவரின் அவசர அனுமதிக்கு அது போதும். நிலவறைக்கும் கூடவே இறங்கி வந்தார்.

அத்தனை கோபத்திலும் செண்பகம் முறை தவறவில்லை. தரவுகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்தினாள். முதல் கணினியில் புது டப்பா ஏற்றக் கூடாது என்று கங்காணிக்கு ஆணையிட்டாள். அதில் இருந்தவற்றை அடுத்ததற்குக் கிளப்பிவிட்டு, காலியானதை அணைத்தாள். இப்படியே போக, எல்லா டப்பாக்களும் கடைசிக் கணினியில் வந்து நெருக்கியடித்தன. பிறகு, செத்தவற்றை இனி எழுப்பாதே என்று கங்காணியின் கையைக் கட்டிப்போட்டாள்.

மூடப்போகும் டப்பாவுக்குக் கைவேலையை முடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிப் போக அவகாசம் கொடுப்பது வழக்கம். முதல் டப்பா சொன்னது: "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்."

பரஞ்சோதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, இது என் குரலாச்சே!"

"தலைவர் சொன்னா சரி," என்று சுகாதாரத் துறையின் குரல் அடங்கியது. "நானும் அதேதான்," என்றது தண்ணீர்த் துறை. அத்தனை டப்பாக்களும் கமிட்டியின் நிகராட்கள். பிள்ளைகளின் சூட்டைத் தின்றுகொண்டே பிள்ளைகளுக்குச் சூடு கிடையாது என்று தீர்மானம் போட்டவை.

"கேட்டீங்களா சார்? மனுஷங்களா நீங்கல்லாம்?" செண்பகம் பல்லைக் கடித்தாள். ஒரே ஒரு டப்பா மிச்சம் இருந்தது. அதற்கும் ஆணை கொடுத்தாள்.

"பெரும்பான்மை எந்தப் பக்கமோ, என் ஓட்டும் அங்கதான். சீக்கிரம் முடிங்க, பொண்ணு காத்துக்கிட்டு இருப்பா," என்றது அது, செண்பகத்தின் குரலில்.

கைக்குழந்தையோடு வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறியியல் துறை சார்பாகக் கமிட்டியில் அவள் பெயரைப் போட்டிருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே கொட்டாவி வந்தது. நிகராளை அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துபோனாள்.

கொத்து அணைந்தது. கொஞ்ச நேரத்தில் காப்பகத்திலிருந்து மகளின் அழைப்பு வந்தது.

"அம்மா! சுவரு சுடுது! தலைக்கவசத்தைக் கழட்டிட்டேன்! இதை ஏம்மா முன்னாடியே செய்யலை?"



"கமிட்டிக்காரங்க ஒத்துக்கலடி, கண்ணு."