எழுபது மைக்ரான்

துருவியின் தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான். அதைக் கண்டுபிடித்த காலையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு அழகான வேறு பெயர் இருந்தது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் இப்படி ஆகிவிட்டது. அம்மா நகராட்சி ஆய்வாளர். மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கடைகளில் வைத்திருக்கக் கூடாது என்று அரசு சட்டம் போட்டிருந்தது. அவை ஒரே நாளில் கிழிந்து, காற்றில் பறந்து, சாக்கடையை அடைத்துக்கொள்கின்றன. அதனால் நூற்றிருபது மைக்ரானுக்குக் குறைந்த பை எதற்கும் அனுமதி இல்லை. கடை கடையாகப் போய்ப் பைகளை அளந்து பார்ப்பதுதான் அம்மாவின் வேலை.

அளப்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி இருந்தது. அதற்கு ஒரு சின்ன வாய், பக்கத்தில் ஒரு சின்னத் திரை. வாய்க்குள் பொருளை வைத்து மூடினால் திரையில் எண் வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான் என்று அம்மா சொன்ன அன்று, துருவி வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்துபோனாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றை எண்ணிச் சொல்ல முடியும் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

அதன் பிறகு மாலை நேரங்களில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு எதையெதையோ அளந்தாள். வெங்காயச் சருகு, பலூன், செத்த தும்பியின் இறக்கை, அப்பாவின் மீசை முடி. ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதி வைத்தாள். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். அம்மா பக்கத்தில் இல்லாமல் கருவியைத் தொடக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை அப்பா வெளியூர் போயிருந்தார். துருவியைக் கூடவே அழைத்துப் போவதாக அம்மா சொல்லியிருந்தார். அம்மா வீட்டுச் சாவியைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது, கருவி மேசைமேல் தனியாக இருந்தது. துருவிக்குக் கை துறுதுறுத்தது. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதன் வாயில் வைத்தாள். எழுபது.

அதற்குள் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டது. அவசரத்தில் எதை அழுத்தினால் அணையும் என்று தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினாள். எழுபது மறைந்து பூஜ்யம் வந்தது. அப்பாடா என்று நகர்ந்துகொண்டாள். முடி வாய்க்குள்ளேயே இருந்தது.

கிளம்புமுன் கருவியின் வாயை மூடி, திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்ப்பது அம்மாவின் வழக்கம். அன்று வாய் ஏற்கெனவே மூடியிருந்தது. திரையில் பூஜ்யமும் இருந்தது. அம்மா அப்படியே அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதல் கடை ஒரு நோட்டுக்கடை. ஆறு மாதத்துக்கு முன்பு மெல்லிய பை வைத்திருந்ததற்காக மாட்டிக்கொண்ட கடை அது. அன்றிலிருந்து அந்தத் தெருவே கடைக்காரரை 'சவ்வு' என்றுதான் கூப்பிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட ‘சவ்வு கடையில ரப்பர் வாங்கிட்டு வா’ என்பார்கள். இரண்டாவது முறை மாட்டினால் கடைக்கு ஒரு மாதம் பூட்டு. பள்ளி திறக்க இன்னும் ஐந்தே நாள்தான் இருந்தது.

ஆனால் கடைக்காரர் அன்று பயப்படவில்லை. தடிமனான பைகளைத் தேடி வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லி, ஒரு கட்டுப் பைகளை அவரே எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பையிலும் நூற்றிருபத்தைந்து மைக்ரான் என்று அச்சடித்திருந்தது.

அம்மா ஒரு பையை வெட்டி, ஒற்றை அடுக்காக எடுத்துக் கருவியின் வாயைத் திறந்து வைத்து மூடினார். ஐம்பத்தைந்து. வேறொரு பையை வெட்டினார். அதிலும் ஐம்பத்தைந்துதான் வந்தது.

"மேடம், பாத்துப் பாத்து வாங்கினது. அதுலயே போட்டிருக்கே" என்றார் கடைக்காரர். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அச்சுல யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் போடலாம். கருவி சொல்றதைத்தான் நான் எழுத முடியும்" என்றார் அம்மா.

கூட வந்திருந்த நகராட்சி உதவியாளர் வண்டியிலிருந்து பூட்டையும் அரக்கையும் எடுத்து வந்தார். அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சவ்வு மறுபடியும் கிழிந்துவிட்டது என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த புது நோட்டுகளின் மேல் துணியை இழுத்து மூடத் தொடங்கினார்.

துருவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து. பையில் அச்சடித்திருப்பது நூற்றிருபத்தைந்து. எண்களோடு விளையாடியே பழகிய அவள் மனம் தானாகவே கழித்துப் பார்த்தது. எழுபது மிச்சம் வந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. காலையில் அவள் அழுத்தியது அணைக்கும் பொத்தான் இல்லை. முடியின் தடிமனையே பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அம்மா இங்கே வாயைத் திறந்ததும் முடி எங்கேயோ விழுந்துவிட்டது. இனி எதை வைத்தாலும் எழுபது குறைத்துத்தான் காட்டும்.

ஒரு தலைமுடி. ஊதினால் பறந்துவிடும். அது ஒரு கடையையே இழுத்து மூட வைக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு மலைப்பாகவும் பயமாகவும் இருந்தது. சும்மா இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இத்தனை பேர் நடுவில் அம்மாவின் மானம் போகும். அம்மா எழுதத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, எழுதாதீங்க" என்றாள். "ஒண்ணும் வைக்காம வெறுமனே மூடிப் பாருங்க. காலையில நான் அதைத் தொட்டேன். என் முடியை வச்சு அளந்தேன்."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கருவியின் வெறும் வாயை மூடினார். திரையில் பூஜ்யம் வரவில்லை. பூஜ்யத்துக்கும் கீழே எழுபது என்று காட்டியது.

அதை அம்மா மறைத்துக்கொள்வார் என்று துருவி நினைத்தாள். அம்மாவோ கருவியைக் கடைக்காரரின் முகத்துக்கு நேராகவே நீட்டினார். கூட்டத்துக்கும் திருப்பிக் காட்டினார். பிறகு அதன் வாயைத் துடைத்து, மூடி, பூஜ்யத்தைச் சரிசெய்து, அதே பையை மறுபடியும் வைத்தார்.

நூற்றிருபத்தைந்து.

கொஞ்சம் முன்னால் சிரித்தவர்கள்கூட எட்டி எட்டித் திரையைப் பார்த்தார்கள். அம்மா இன்னும் மூன்று பைகளை வெட்டி அளந்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. எழுதிய தாளின் குறுக்கே கோடு போட்டு, ஏன் அடித்தார் என்பதையும் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

"தப்பு எங்க மேலதான். நான் வாயைத் திறந்து பாத்திருக்கணும், பாக்கலை. மன்னிச்சுக்கோங்க" என்றார் அம்மா.

அம்மா வீட்டில்கூட யாரிடமும் மன்னிப்புக் கேட்டு துருவி பார்த்ததில்லை. காய்கறிக்காரர், வீட்டுக்காரர், மேலதிகாரி, யாராக இருந்தாலும் அம்மா சொல்வதுதான் சட்டம். அந்த அம்மா இத்தனை பேர் நடுவில் தலை குனிந்து நின்றார். ஆனாலும் அவர் சிறுத்துப்போனதாகத் துருவிக்குத் தோன்றவில்லை. இதுவரை பார்த்ததிலேயே பெரிய அம்மாவாகத் தெரிந்தார்.

அவளும் முன்னால் போய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் தலையைப் பார்த்தார். "இந்தத் தலையில எத்தனை முடி இருக்கு. ஒண்ணே இந்தப் பாடு படுத்துது" என்றார். அப்போதுதான் உதவியாளர் பூட்டைத் திரும்ப வண்டியில் வைத்தார்.

கடைக்காரர் நோட்டுகளின் மேலிருந்த துணியை விலக்கினார். ஆனாலும் அவர் முகம் முழுதாகத் தெளியவில்லை. வண்டியில் ஏறப்போன அம்மாவைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரே ஒரு உதவி. என் பை சரியா இருக்குன்னு இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கணும். ஆறு மாசமா என்னை சவ்வுன்னு கூப்பிடறாங்க."

அம்மா மெதுவாகப் பேசுகிறவர். துருவியைத் திட்டும்போதுகூடக் குரல் உயராது. அவர் வண்டியிலிருந்து இறங்கினார். நடுத்தெருவுக்கு வந்து நின்றார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"இந்த நோட்டுக்கடைக்காரர் பை நூத்தி இருபத்தஞ்சு மைக்ரான். சட்டம் கேக்கறதைவிட அஞ்சு கூடவே இருக்கு."

மாடி ஜன்னல்கள் திறந்தன. சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். தெருவின் கடைசியில் இருந்த தையல்காரர் வாசலுக்கு வந்து, கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு சொன்னார்: "கேட்டுடுச்சு."