மெனுவில் முதல் வரி

வயரே மாட்டாத டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருந்தது.

கண்ணின் கோளாறு என்றுதான் அவள் முதலில் எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து கறுப்புத் திரையையும் வெள்ளை எழுத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சாயங்காலம் ஒரு வரி இரண்டாகத் தெரிவது அதிசயமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மெனுவில் இரண்டு வரிகள்தான். கீழே இருந்தது அவளுடையது. மேலே இருந்தது அவள் கணவருடையது. கணவர் செத்து மூன்று மாதமாகிறது. அவருடைய டிஸ்க்கை அவளே கேபினெட்டிலிருந்து கழற்றியிருந்தாள். அது கீபோர்டுக்குப் பக்கத்தில், பழைய செய்தித்தாள்மேல் சும்மா கிடந்தது.

அந்த வீட்டில் ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். ஒரு டிஸ்க்கில் அவருடைய சிஸ்டம், இன்னொன்றில் அவளுடையது. சுவிட்சைப் போட்டதும் யாருடையதைத் திறக்கட்டும் என்று மெனு கேட்கும். ஐந்து விநாடி பொறுக்கும். பதில் வராவிட்டால் முதல் வரியைத் தானே திறந்துவிடும். அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களை அமைத்துக் கொடுத்து வீட்டில் அடுப்பெரிய வைத்தவள் அவள். அவர் அதில் சீட்டு விளையாடினார். ஆனாலும் முதல் வரி அவருக்குத்தான். பால் பொங்குகிறதென்று அவள் அடுப்படிக்கு ஓடிவிட்டுத் திரும்பினால், அவர் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். அணைத்துப் போடக்கூடாது, டிஸ்க் கெட்டுவிடும் என்பது அவர் சட்டம். அவர் மதியத் தூக்கம் முடித்து எழுந்துவந்து, தொண்டையைக் கனைத்து, நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, பாஸ்வேர்டைத் தட்டி, வெளியே வந்து மறுபடி மெனுவுக்குப் போகும்வரை அவள் வேலை அப்படியே கிடக்கும். அந்தப் பாஸ்வேர்டை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லாக இருந்திருந்தால் வாசலில் போட்டு மிதித்தாவது ஏறியிருக்கலாம்.

இன்றைக்கு மகள் வருகிறாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு நாலு வருஷத்துக்கு முன் வெளியேறியவள், அவர் இருக்கும் வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றவள், சாவுக்கும் வராதவள். இப்போது அம்மாவோடு தங்குவதற்கே வருகிறாள். அவருடைய பொருள் ஒரு துரும்புகூட இருக்காது என்று அவளுக்கு அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். கட்டில் போய்விட்டது. சட்டைகள் போய்விட்டன. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பாக்கி இருந்தது இந்த டிஸ்க் ஒன்றுதான்.

அதனால் காலையில் முதலில் தன்னுடைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்து, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் டிஸ்க்கைக் கழற்றினாள். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அந்த மெனுவே அவர் டிஸ்க்கில்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தன் இடத்துக்கு அவர் வாசல் வழியாகத்தான் போய்வந்திருக்கிறாள். புதிய சிஸ்டமும் தனக்கென்று ஒரு மெனு எழுதிக்கொள்ளாமல் அந்தப் பழைய வாசலையே நம்பி நின்றுவிட்டது. அவளுக்கு வந்த கோபத்தில் காதெல்லாம் சுட்டது.

பென் டிரைவை மாட்டி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, தன் டிஸ்க்கில் புது மெனு எழுதச் சொன்னாள். அந்தக் கருவி தானே டிஸ்க்குகளைத் தேடிப் பார்க்கும், எந்தெந்த சிஸ்டம் கிடைக்கிறதோ அதற்கெல்லாம் ஒரு வரி எழுதும். எழுதியது. இரண்டு.

கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். அவர் டிஸ்க் இருந்த இடம் காலி. அதற்குப் போகும் வயர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. மேல் வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னாள். மறுபடியும் இரண்டு. மறுபடியும் அவர்தான் மேலே.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பழைய குறிப்பு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும், வேறொன்றும் இல்லை. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் புதுச் சுண்ணாம்புச் சுவரில் நீண்டு, கட்டில் இருந்த மூலைவரை போய் அங்கே மடிந்து நின்றது. சுண்ணாம்பு வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை, தலையணை உறையில் வருஷக்கணக்காக ஊறிய தலைத்தைல வாசனை, ஈரம் கசிவதுபோல மெல்ல மேலே வந்தது. ஃபேனை நிறுத்தினாள். வாசனை போகவில்லை. ஃபேனின் சத்தம் அடங்கியபிறகு அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லிய ரீங்காரம். நடுநடுவே ஒரு க்ளிக்.

மேஜைமேல்தான்.

குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல, புறங்கையை டிஸ்க்கின்மேல் வைத்தாள். சுட்டது. உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. மகள்.

“அம்மா, பஸ் நம்ம ரோட்டுக்குத் திரும்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவேன்.”

“வா கண்ணு. உன் ரூம்ல புது மெத்தை போட்டிருக்கேன். ஜன்னலுக்குக்கூட...”

பின்னாலிருந்து ஒரு கனைப்பு.

அவள் வாய் மூடிக்கொண்டது. பயத்தால் இல்லை, பழக்கத்தால். எந்த அறைக்குள் வருவதானாலும் அவர் முதலில் கனைப்பார். அறையில் பேச்சு நிற்கும். அதன்பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். மறுமுனையில் மகளின் பேச்சும் நின்றிருந்தது. அம்மாவும் பெண்ணும் எங்கெங்கோ இருந்துகொண்டு ஒன்றாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, அது யாரு?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு, திரைச்சீலை, காலி மூலை.

“யாரும் இல்ல.”

“நான் வேணா நாளைக்கு வரட்டுமா?” மகளின் குரல் பள்ளிக்கூட வயதுக்குப் போயிருந்தது.

சரி என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வா, மறுநாள் வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் வாய் மூடிக்கொண்ட விதம் அவளுக்கு ஆறவில்லை. செத்த மனுஷனின் கனைப்புக்குமா?

“ஜன்னலுக்குப் புதுத் திரை தச்சிருக்கேன்னு சொல்ல வந்தேன்,” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “மஞ்சக் கலர். நீ இன்னிக்கே வா. இது உன் வீடு. எவருக்கும் பயந்து நீ திரும்பிப் போக வேணாம்.”

ஃபோனை வைத்தாள். ஆணி அடிக்கும் சுத்தியலை எடுத்தாள். டிஸ்க்கைச் செய்தித்தாளோடு சுருட்டிப் பின்வாசல் படிக்குக் கொண்டுபோனாள். கையைச் சுட்டது, விடவில்லை. முதல் அடியில் மூடி குழிந்தது. இரண்டாவதில் ரீங்காரம் கீச்சென்று உயர்ந்தது. “கத்துங்க,” என்றாள். “நல்லா கத்துங்க. இவ்வளவு நாள் நான் கேட்டேன்ல.” உள்ளிருந்த தகடு சுக்குநூறாகும்வரை அடித்தாள், அதன்பிறகும் அடித்தாள். தூளைப் பெருக்கிப் பையில் கட்டித் தெருக்குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். தோள்பட்டை வலித்தது. அது சுகமாக இருந்தது.

உள்ளே வந்து மறுபடி மெனு எழுதச் சொன்னாள்.

ஒரே வரி. அவளுடையது.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். ஐந்து விநாடி பொறுத்து, அவள் சிஸ்டம் சமர்த்தாகத் திறந்துகொண்டது. யாரும் இல்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். தைல வாசனை இல்லை. விளக்கைப் போட்டதும் சுவர் பளீரென்று இருந்தது. பால் அடுப்பில் வைத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியே பார்க்காமல், பொங்குகிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.

மகள் வந்தாள். இளைத்திருந்தாள். பையை வாசலில் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டவள் வெகுநேரம் விடவில்லை. அப்புறம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

“எல்லாமே மாறிடுச்சும்மா.”

“மாத்திட்டேன். போய் முகம் கழுவிட்டு வா, டீ போட்டுத் தரேன்.”

அடுப்படியில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு நீண்ட இழுப்பு. பிறகு ஒரு சின்ன இழுப்பு. பிறகு கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும் ஓசை. மகள் ஏதோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரையைக் கலக்கினாள்.

கனைப்பு.

கரண்டி நின்றது.

இந்த முறை அது பெண் குரலில் வந்தது.

அவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மகள் நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். திரையில் மெனு. இரண்டு வரிகள். மேல் வரி வெளிச்சமாக இருந்தது. கணக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று. இரண்டு.

“கண்ணு, கீழ் வரிக்குப் போ. அம்புக் கட்டைய அமுக்கு.”

மகள் திரும்பவில்லை. அவர் பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்டது. மகளின் விரல்கள் கீபோர்டில் இறங்கின. தேடவில்லை. தயங்கவில்லை. கட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று.

அவள் பாய்ந்து மகளின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் தூக்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். கைகள் சுட்டன. மகள் நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் மகளுடையவைதான், மிரண்டு நிறைந்திருந்தன.

“அம்மா, நான் எதுவும் பண்ணலம்மா.”

விரல்கள் காற்றில் தட்டிக்கொண்டிருந்தன. மேஜைமேல், யாரும் தொடாத கீபோர்டில், அதற்கேற்பக் கட்டைகள் இறங்கி ஏறின. இன்னொரு புள்ளி. இன்னொன்று.

இந்த முறை அவள் வாய் மூடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நீங்கள் என்றே அழைத்துப் பழகிய வாய்.

“நீ யாரா வேணா இரு,” என்றாள். “எங்க வேணா போ. இவ என் பொண்ணு. விடு.”

புள்ளிகள் நின்றன.

எண்டர் மட்டும்தான் பாக்கி.

மகளின் வலது சுண்டுவிரல் மெல்ல நிமிர்ந்தது. அவள் அதைத் தன் முஷ்டிக்குள் அடக்கிக்கொண்டாள். விரல் கீழே வளைந்தது. அவள் இறுக்கினாள். எலும்பு வலித்து மகள் முனகினாள். அவள் விடவில்லை.

கீபோர்டில் எண்டர் கட்டை பாதிவரை இறங்கி, நடுங்கிக்கொண்டு, அங்கேயே நின்றது. கீழேயும் போகவில்லை. மேலேயும் வரவில்லை.