இன்னும் யாரு?

மலைமேல் கூம் ஸ்டேஷனில் சின்ன ரயில் நின்றபோது வெயில் பளிச்சென்று இருந்தது. நாகலக்ஷ்மி ஐந்து குழந்தைகளையும் இறக்கி, கம்பளிக் குல்லாய்களைச் சரிசெய்து, புளியோதரைத் தூக்கை ஒரு கூலியிடம் கொடுத்தாள். கல்கத்தாவில் பூஜா லீவு. அவள் கணவர் வைத்தீஸ்வரன் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஆபீஸ் துரைகள் மலையேறிவிட்டு வந்து பெருமை பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தானும் குடும்பத்தோடு ஏறியே தீருவதென்று பவானிப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். மலைமுகட்டில் பிரயாணிகள் தங்கும் டாக் பங்களா ஒன்று இருந்தது. அங்கே போக ஒற்றையடிப் பாதை மட்டும்தான்.

"காமுவுக்கு மூணு வயசுகூட ஆகலை. இத்தனை தூரம் எப்படின்னா நடப்பா?" என்றாள்.

"அவ எங்கே நடக்கப்போறா? கூடையிலே மகாராணி மாதிரி வரப்போறா. நீ உன் காலைப் பத்திக் கவலைப்படு."

மலைக் கூலிகள் கூடையைத் தோளில் மாட்டுவதில்லை. கூடையின் அடியைச் சுற்றி வரும் பட்டையை நெற்றியில் கொடுத்துக்கொள்கிறார்கள். பாரம் நெற்றியிலிருந்து முதுகெலும்பு வழியாக நேராகக் காலுக்கு இறங்கிவிடும், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். அப்படி ஒரு கூடையில் காமு உட்கார்ந்து, பின்னால் வரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புமுன் கூலிகளின் சர்தார், பள்ளத்தாக்கைக் கைகாட்டி, ஹிந்துஸ்தானியில் வைத்தீஸ்வரனிடம் வெகுநேரம் ஏதோ சொன்னான்.

"என்னவாம்?"

"வழி வழுக்குமாம். ஜாக்கிரதையா வரச் சொல்றான்."

மூத்தவன் மஹாதேவன் தலைநிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முறைத்ததும் மூடிக்கொண்டான்.

வைத்தீஸ்வரன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனியிலிருந்து நீளமான சணல் கயிறு கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு முடிச்சு. முன்முனை அவர் இடுப்பில், வால்முனை நாகலக்ஷ்மியின் இடுப்பில், நடுவில் குழந்தைகள். சணல் நனைந்தால் முறுக்கேறி முடிச்சு இறுகும், வழுகாது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். கண் தெரியாத இடத்தில் அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும். நாகலக்ஷ்மிக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அவர் கயிற்றைச் சுண்டுவார், அவள் இரண்டு முறை இழுத்தால் இருக்கிறாள் என்று அர்த்தம்.

காரணம் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரிந்ததுதான். அவர் பெயரை அவள் சொல்லமாட்டாள், "ஏன்னா" என்பாள். மாமனார் பெயரை வைத்திருந்ததால் மஹாதேவனைக்கூட "அம்பி" என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு அவள் "இந்தா" அல்லது "அடியே". பதினாலு வருஷக் குடித்தனத்தில் தன் பெயர் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

பாதி வழியில் மேகம் வந்தது.

மலையில் மூடுபனி மேலிருந்து இறங்குவதில்லை. பள்ளத்தாக்கில் சூடேறிய காற்று சரிவோடு ஏறி, மேலே குளிர்ந்து வெள்ளையாகிறது. அதனால் அது காலடியிலிருந்து வரும். முதலில் பாதை மறைந்தது. பிறகு காமுவின் கூடை ஒரு சாம்பல் நிழலாயிற்று. நனைந்த பாசியின் வாசனை மூக்கில் அடைத்தது.

முன்னால் சர்தார் "நஹீ, பாபு, நஹீ" என்று கெஞ்சுவது கேட்டது. அதை மீறி வைத்தீஸ்வரனின் குரல் எழுந்தது.

"மஹாதேவன்!"

"இருக்கேன்!"

"சாவித்ரி! விஜயலக்ஷ்மி! சிவராமா! காமு!"

காமு தூங்கிப்போயிருந்தாள், மற்றவர்களின் பதில்கள் வந்தன. கயிறு சுண்டியது. நாகலக்ஷ்மி இரண்டு முறை இழுத்தாள்.

அப்புறம் பின்னால், சரிவுக்குக் கீழேயிருந்து, "மஹாதேவன்" என்று கேட்டது.

எதிரொலி என்று நினைத்தாள். பாறையில் மோதித் திரும்பும் சத்தம்தான் எதிரொலி. திரும்பும்போது தேய்ந்து வரும், பனியில் இன்னும் தேயும். இது தேயவில்லை. சாவித்ரி, விஜயலக்ஷ்மி, சிவராமா என்று ஒவ்வொன்றாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நிதானமாக வந்தது.

"காமு" என்று முடித்தது.

அடுத்து, காமுவின் மழலையிலேயே கேட்டது.

"இன்னும் யாரு?"

காமு முன்னால் கூடையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யாரும் நகரவில்லை. கூலிகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னும் யாரு?"

இப்போது கிட்டத்தில், நாகலக்ஷ்மியின் முதுகுக்குப் பின்னால்.

கயிற்றின் முன்முனையிலிருந்து பதில் வந்தது. கணவரின் குரல், அவருடைய சொந்தக் குரல்.

"நாகலக்ஷ்மி."

அவள் இடுப்பு முடிச்சுக்குப் பின்னால் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த கயிற்று மிச்சத்தை யாரோ மெதுவாக எடுத்து, கனம் பார்ப்பதுபோல் தூக்கி, விட்டார்கள்.

மேகம் கலைந்தது. பங்களாவின் புகைபோக்கி தெரிந்தது. குழந்தைகள் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று குதித்தன.

கணப்பின் முன்னால் ஈரச் சொக்காய்களைக் காயவைக்கும்போது அவள் மகனிடம் கேட்டாள். "அம்பி, சர்தார் அப்பாகிட்ட என்னடா சொன்னான்?" கல்கத்தாவில் பிறந்த பிள்ளை, ஹிந்துஸ்தானியும் வங்காளமும் தண்ணீர்பட்ட பாடு.

"பனியிலே யார் பேரையும் சொல்லக்கூடாதாம் அம்மா. அது கத்துக்குமாம். யாருன்னு கேட்டா ஒருத்தர் பேரைக் குடுத்துடணுமாம். மத்தவாளை விட்டுடுமாம். ஆனா குடுத்த பேர் அதோடதாம். கூப்பிடற அன்னிக்கு அவா பதில் சொல்லிட்டா அழைச்சிண்டு போயிடுமாம். அப்பா சிரிச்சா."

அவள் எழுந்து கணவரிடம் போனாள்.

"தெரிஞ்சேதான் சொன்னேளா?"

"குழந்தைகளைக் காப்பாத்த வேண்டியிருந்ததுடி."

"உங்க பேரைச் சொல்லியிருக்கலாமே."

அவர் கணப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். "சம்பாதிச்சுப் போடறவன் நான். கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அந்த மலையில் சொல்லப்படாத பெயர் ஒன்றே ஒன்றுதான். அவள் வழக்கத்தால் சொல்லவில்லை, குழந்தைகள் "அப்பா" என்றன, அவரும் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினாள். திரும்பும் வழியில் பத்மா நதியை ஸ்டீமரில் கடக்கும்போது அவர் சக்கரம் எப்படித் தண்ணீரைத் தள்ளுகிறது என்று அவளுக்கும் சேர்த்து விளக்கிக்கொண்டே வந்தார். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவானிப்பூர் வீடு பழையபடி இருந்தது. சணல் கயிற்றை மொட்டைமாடியில் கொடியாகக் கட்டினாள். நல்ல கயிறு, எதற்கு வீணாக்க?

ஒரு மத்தியானம் கீழ்ப் படிக்கட்டிலிருந்து கணவரின் குரல் கேட்டது. "நாகலக்ஷ்மி." அவர் ஆபீசில் இருந்தார்.

அவள் பதில் சொல்லவில்லை. பாசி வாசனை மட்டும் மாடிவரை வந்துவிட்டுப் போயிற்று.

பிறகு தினமும் வந்தது. இலையில் சாதம் போடும்போது, எதிரில் அவர் பருப்பைப் பிசைந்துகொண்டிருக்க, கீழேயிருந்து அவர் குரல் அவளைக் கூப்பிட்டது. அவருக்கும் கேட்டது. தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அவள் மோர் ஊற்றினாள்.

பதில் சொல்லாதவளோடு அதற்குச் சலித்துப் போயிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தீஸ்வரன் ஊஞ்சலில் உட்கார்ந்து, சிவராமனுக்குக் கடிகாரத்தின் வில்சுருளைக் காட்டிக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மி கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டிலிருந்து அவளுடைய குரலே கொஞ்சலாகக் கேட்டது.

"காமு, வாடி கண்ணு."

"தோ..." என்று சொல்ல ஆரம்பித்துக் குழந்தை ஓடியது.

பூ சிதற, படி விளிம்பில் காமுவை எட்டிப் பிடித்து வாயைப் பொத்தினாள். கீழே படிகள் இருட்டாக இருந்தன. அங்கே நிற்கவேண்டிய இருட்டைவிடக் கொஞ்சம் வெள்ளையாக ஏதோ நின்றது.

"இன்னும் யாரு?" என்றது.

ஊஞ்சல் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். "வேண்டாம்டி" என்று உதடுகள் அசைந்தன.

"வைத்தீஸ்வரன்" என்றாள்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னாலும் நாக்கு தடுமாறவில்லை.

கீழே வெளுப்பு அடங்கியது.

"என் பேரையா சொன்னே?"

"குழந்தைகளைக் காப்பாத்த வேண்டியிருந்தது." மலையிலிருந்து வந்தபின் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. கடைசி வார்த்தையும் அதுதான்.

அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் பதில் சொல்வதில்லை. ஆபீசில் துரை கூப்பிட்டால்கூட எதிரில் போய் நின்று முகத்தைப் பார்த்த பிறகே வாயைத் திறந்தார். வீட்டில் படிக்கட்டு "வைத்தீஸ்வரன், வைத்தீஸ்வரன்" என்று நாகலக்ஷ்மியின் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கெட்டிக்காரர். அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார்.

கார்த்திகை பிறந்ததும் கல்கத்தாவில் சாயங்காலங்களில் அடுப்புப் புகை மேலே போகாது. ஆற்றுக் குளிர்காற்று மூடிபோல் அழுத்த, புகையும் பனியும் கலந்து சந்துக்குள் தேங்கும். அப்படி ஒரு சாயங்காலம் நாகலக்ஷ்மி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் இருந்தார்.

கீழேயிருந்து அவள் குரல் கேட்டது. இந்தத் தடவை பெயர் சொல்லவில்லை.

"ஏன்னா, இங்கே கொஞ்சம் வாங்கோளேன்."

துருவல் நின்றது. அவள் வாயைத் திறந்தாள். நான் இங்கே இருக்கேன் என்று ஒரு வார்த்தை போதும்.

கூடத்தில் ஊஞ்சல் கிறீச்சிட்டது. எத்தனை நாளுக்கப்புறம் பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் அவர் குரலில் வழிந்தது.

"இதோ வந்துட்டேண்டி!"

வேகமாகப் படியிறங்கும் சத்தம். பாதியில் அது நின்றது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

போலீஸார் ஹவுரா வரை தேடினார்கள். ஆபீஸ்காரர்கள் காளிகாட் படித்துறைகளில் விசாரித்தார்கள். படிக்கட்டில் ஒரு ஜோடிச் செருப்பும் கொஞ்சம் பச்சைப் பாசியும் கிடந்தன. அதன்பின் குரல் வரவில்லை. காமு தாராளமாக ஏறி இறங்கினாள்.

தை மாதம், காற்றில்லாத ஒரு மாலை. நாகலக்ஷ்மி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியின் கோடி பனிக்குள் போய் மறைந்திருந்தது. கயிறு அவள் கையில் ஈரமாக இறுகியது.

ஒரு இழுப்பு.

கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

அவள் பதிலுக்குச் சுண்டவில்லை. மிச்சத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.