சுத்தமான மூச்சு

"ட்ரிங்ங்... ட்ரிங்ங்...!"

ஞாயிறு காலை எட்டே முக்கால். ஷெரிஃப் லொரீனா சோள ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். போன் விடுவதாக இல்லை.

"லொரீனாம்மா! சர்ச் ரோட்டுல கொலை! குடிகாரப் பய வெர்ஜில் நம்ம ராய் கூம்ஸை வண்டி ஏத்திக் கொன்னுட்டான்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

சர்ச்சில் ஊழியம் செய்யும் டீக்கன் எல்பர்ட்டின் குரல். இருமல் மருந்தைக்கூட சாராய வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பவர்.

சாலையோரம் ராய் மல்லாந்து கிடந்தார். கையில் இன்னும் அந்தப் பலகை.

'செவ்வாயன்று ஆம் என்று ஓட்டுப் போடுங்கள்! நம் கவுண்டிக்கும் மதுக்கடை!'

அமெரிக்காவின் கென்டக்கியில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், எண்பது வருடமாக மது விற்கத் தடை. அதனால் யாரும் குடிப்பதில்லை என்று நினைத்தால் நீங்கள் ஏமாளி! எல்லையைத் தாண்டி முப்பதாவது அடியில் கடை. அங்கே போய்க் குடித்துவிட்டு வளைந்து வளைந்து திரும்புவார்கள். 'பக்கத்துல கடை இருந்தா நடந்தே வீட்டுக்குப் போகலாமே' என்றுதான் ராய் ஓட்டுக் கேட்டார். பாவம், நல்ல மனுஷன்.

பத்தடி தள்ளி வெர்ஜிலின் பிக்கப் வண்டி. பம்பரில் ரத்தம். ஸ்டியரிங்கில் சாய்ந்து வெர்ஜில்... குறட்டை!

"டேய்! எந்திரிடா!"

"அம்மணி... சர்ச்சுக்கு நேரமாச்சா?"

"ஜெயிலுக்கு நேரமாச்சு! ராய் செத்துட்டார்."

வெர்ஜில் பலகையைப் பார்த்தான். அழுதுவிட்டான்.

"ராத்திரி வீட்டு வாசல்ல, வண்டிக்குள்ளதான் படுத்தேன்... சத்தியமா வேற ஒண்ணும் தெரியாது!"

குடித்துவிட்டு ஓட்டி ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவன். இது மூன்றாவது. அதுவும் ஒரு உயிர்! இவன் வெளியே வருவதற்குள் ஆறு வயது மகளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்.

"பார்த்தியா மகளே!" என்றார் எல்பர்ட். "இன்னிக்குப் பிரசங்கமே இதுதான். இனிமே எவன் ஆம்னு ஓட்டுப் போடுவான்?"

பிணத்துக்குப் பக்கத்தில் நின்று இவ்வளவு உற்சாகமா?

லொரீனா போதை அளக்கும் கருவியை நீட்டினாள். வெர்ஜில் ஊதினான். 0.21! சட்டம் பொறுத்துக்கொள்வது 0.08 வரைதான்.

"அப்புறமென்ன? தூக்கு அவனை!"

"ஒரு சிக்கல் டீக்கன். போன தடவையே கோர்ட்டு இவன் வண்டிக்குப் பூட்டுப் போட்டுடுச்சு. அந்தக் குழாயில ஊதினாத்தான் வண்டி கிளம்பும். மூச்சுல சாராயம் இருந்தா கிளம்பாது. இவ்வளவு போதையில இவன் எப்படி ஓட்டினான்?"

எல்பர்ட் டையைச் சரிசெய்துகொண்டார்.

"எவனாவது நல்லவன்... ஊதி விட்டிருப்பான்."

"ஞாயித்துக்கிழமை காலையில, இந்த ஊர்ல, சுத்தமான மூச்சு! யாரா இருக்கும்?"

"நூறு பேர் இருப்பாங்க! மூச்சுல பேரா எழுதியிருக்கு?"

வெர்ஜில் மூக்கைச் சிந்தினான். "பேர் எதுக்கு? ஊதறப்ப போட்டோ புடிக்குமே!"

"எ... என்னது?"

"அதோ, கண்ணாடிகிட்ட குட்டி கேமரா. மாட்டின எங்க எல்லாருக்கும் தெரியும். நான் தலை வாரிக்கிட்டுத்தான் ஊதுவேன்!"

எல்பர்ட் கேமராவைப் பார்த்தார். முகம் வெளுத்தது. குடித்து மாட்டியிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்!

லொரீனா பூட்டு மாட்டிய கம்பெனிக்குப் போன் போட்டாள். நான்கு நிமிடத்தில் படம் வந்தது.

காலை 8.12. டை கட்டி, கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதிக்கொண்டிருந்தார் டீக்கன் எல்பர்ட்! பக்கத்து சீட்டில் வாய் பிளந்து தூங்கும் வெர்ஜில்.

"ஊர் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்..." எல்பர்ட்டின் குரல் உடைந்தது. "குடிகாரன் கொன்னான்னு தெரிஞ்சா ஓட்டு நம்ம பக்கம் திரும்பும்னு..."

கையில் விலங்கு விழுந்தது. க்ளிக்!

வெர்ஜில் தள்ளாடியபடி அருகே வந்தான்.

"ஒரே ஒரு மடக்கு போட்டுட்டு ஊதியிருந்தா வண்டியே கிளம்பியிருக்காது. ராயும் உசிரோட இருந்திருப்பார்... இதுக்குத்தான் டீக்கன், காலையில வெறும் வயித்தோட வெளிய கிளம்பக் கூடாதுங்கறது!"